திரையில் ஏற்றிய மெழுகுவர்த்தி

தம்பி,

இதைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போனில் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய். நான் சொல்ல வந்தது அப்படிச் சரி போட்டு முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் ஐந்தாம் வகுப்போடு நின்ற கையை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். கடையில்தான் இருக்கிறேன். துணி வெட்டுகிற மேசையைத் துடைத்துவிட்டுப் பேப்பரை விரித்திருக்கிறேன். வெளியே மலைப் பாறையெல்லாம் கொதிக்கிற நேரம். வெயில் தாழும்வரை அளவு கொடுக்க யாரும் வரமாட்டார்கள்.

உன் பழைய லேப்டாப்பில் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டதே, நாம் ஒன்றைத் தேடினால் அது வேறெங்கோ இழுத்துக்கொண்டு போனதே, நீ ஊருக்கு வரும்போதெல்லாம் எடுத்துவிட்டுப் போன பிறகும் திரும்பத் திரும்ப வந்ததே, அது தானாக வரவில்லை. நான்தான் வைத்தேன். கல்யாணம் பேசி முடித்து, கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்கப் போகிற சமயத்தில் பிரின்ஸி ஏன் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேட்டாயே, அதற்கும் காரணம் அதுதான். எப்படி என்று முழுக்கச் சொல்கிறேன். கோபப்படுவதாக இருந்தால் கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படு.

உன் நைனாவைப் பற்றி உனக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீ பார்த்தது மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டையும் மல்லாட்டைக் கடலை மூட்டையும் தூக்கின நைனாவை. கடைசி வருஷங்களில் நீ ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்குப் போய்விட்டாய். அப்போது தூசியில் அவருக்கு நெஞ்சு கெட்டு, நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். வீட்டில் தனியாக இருக்க மாட்டேன் என்று கடைக்கு வந்து என் மிஷினுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். சும்மா உட்காரத் தெரியாத மனுஷன். ஒருநாள் என் கையிலிருந்த ஜாக்கெட்டைப் பிடுங்கி, ஊக்கு வைக்க ஆரம்பித்தார். கோணி ஊசியில் மூட்டை வாய் தைத்த கை அது. அந்தப் பெரிய விரலுக்குள் சின்ன ஊசி இருக்கிற இடமே தெரியாது. முதலில் கோணலாகத்தான் வைத்தார். பிறகு என்னைவிட நன்றாக வைத்தார்.

"யாருக்கா ஊக்கு தெக்கிறது? ஜாக்கெட்டு கிழிஞ்சாலும் ஊக்கு பிச்சிக்காது போலக்குது" என்று கேட்காத பெண்கள் இல்லை. நான் அவரைப் பார்ப்பேன். அவர் தெருவைப் பார்ப்பார். அவர்கள் போன பிறகு, "சொல்லிடாதமே, ஆம்பள தெச்சதுன்னு தெரிஞ்சா ஒருத்தியும் வரமாட்டாளுங்க" என்று சிரிப்பார். சிரித்ததும் இருமல் வரும்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. ஒரு சமயம் கடையில் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தேன். ஃபேன் காற்றில் ஒருவரின் பட்டுப்புடவைத் தலைப்பு பறந்து போய்க் கருகிவிட்டது. நான் பதறிப்போய் ஊதி அணைக்கக் குனிந்தேன். நைனா என் வாயைப் பொத்திவிட்டு, விரலை நாக்கில் தொட்டு, திரியைக் கிள்ளி அணைத்தார். "சாமிக்கு ஏத்துனதை வாயால ஊதாத. துணி இருக்குற எடத்துல இனிமே நெருப்பும் வேணாம். மாதா ஒண்ணும் கோச்சிக்கமாட்டாங்க" என்றார். அதோடு கடையில் மெழுகுவர்த்தி ஏற்றுவதை விட்டுவிட்டேன்.

அவர் போன பிறகு அந்த நாற்காலியில் யாரையும் உட்காரவிட எனக்கு மனசு வரவில்லை. மடித்து உள்ளே வைத்துவிட்டு, அந்த இடத்தில் சின்ன மேசை போட்டு உன் லேப்டாப்பை வைத்தேன். வருகிறவர்கள் கழுத்து டிசைன், கை டிசைன் எல்லாம் பெரிதாகப் பார்க்கட்டும் என்று நீதான் சொன்னாய். வீட்டில் அவர் படத்துக்கு முன்னால் தினம் ஏற்றுகிறேன். ஆனால் நான் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இருப்பது கடையில். அவர் கடைசியாக இருந்ததும் கடையில். அங்கே அவருக்கு ஒரு வெளிச்சம் கூட இல்லையே என்று உறுத்திக்கொண்டே இருந்தது.

வருஷ நினைவுக்கு அட்டை அடிக்க ஒரு மெழுகுவர்த்திப் படம் தேடினேன். அப்போதுதான் அது வந்தது. இறந்தவர் பெயரில் அணையாத மெழுகுவர்த்தி ஏற்றுங்கள் என்று தமிழிலேயே போட்டிருந்தது. பெயர் எழுதக் கட்டம் இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடிச் சவரிமுத்து என்று அடித்தேன். பிறகு இங்கிலீஷில் ஏதோ கேட்டது. எனக்கு அதைப் படிக்க வராது. நீலமாக இருந்ததை அமுக்கினேன். அவ்வளவுதான். அதிலிருந்து ஒவ்வொரு முறை புதுப் பக்கம் திறக்கும்போதும் இருட்டான திரையில் ஒரு மெழுகுவர்த்தி எரியும். அதற்குக் கீழே அவர் பெயர் இருக்கும். உருகாது, சாயாது, ஃபேன் காற்றுக்கு ஆடாது, துணியைச் சுடாது. நைனா சொன்ன சொல்லையும் மீறவில்லை, அவருக்கு வெளிச்சமும் ஆயிற்று என்று அன்றைக்கு நான் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன்.

அதன் தலைக்கு மேலேயே தேடுகிற கட்டம் ஒன்று இருந்தது. அதில் அடித்தால்தான் கோளாறு. கல் வைத்த கை டிசைன் என்று அடித்தால் சீட்டாட்டம் வரும், தூக்கமாத்திரை வரும், உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று கத்தும். நீ லீவில் வந்து பார்த்துவிட்டு என்னிடம் என்ன சொன்னாய்? "இன்னாம்மா இது, கண்டதை அமுக்கி வெச்சிக்கிற? இது தேடுறதையே கடத்திக்கினு போறது." மேலே மூலையில் இருக்கிற மூன்று புள்ளியை அமுக்கினாய். எக்ஸ்டென்ஷன் என்கிற இடத்துக்குப் போனாய். அங்கே மெழுகுவர்த்திப் படம் போட்டிருந்ததை ரிமூவ் செய்தாய். பிறகு செட்டிங்கில் தேடுகிற இடத்தில் அது தன் பெயரை வைத்திருந்ததைத் தூக்கிவிட்டுப் பழையதை வைத்தாய். திறந்ததும் வருகிற பக்கத்தை மாற்றினாய். மூலையில் எட்டி எட்டிப் பார்க்கிற விளம்பரத்துக்குக் கொடுத்திருந்த அனுமதியையும் எடுத்தாய். "பாத்துக்கோ, ஒரு எடத்துல எடுத்தா போதாது, இத்தனை எடத்துல ஒட்டிக்கினு இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே செய்தாய். தையல் பிரிக்கிற மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். மேல் தையலைப் பிரித்துவிட்டு உள் தையலை விட்டால் துணி வராது.

நீ பிரிக்கப் பிரிக்க நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மெழுகுவர்த்தி போய் வெள்ளைத் திரை வந்தபோது, அவரைப் பெட்டியில் வைத்து மறுபடி மூடினது போல் இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. உன்னைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, அதே பக்கத்தைத் தேடிப் பிடித்து, மறுபடி பெயர் எழுதினேன். அடுத்த லீவில் நீ எடுத்தாய். நான் வைத்தேன். "எங்கேர்ந்துதான் வருதோ தெரியல, பேசாம ஃபார்மேட் பண்ணிடலாம்மா" என்று நீ தலையில் அடித்துக்கொண்டபோதும் நான் குனிந்த தலை நிமிராமல் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது பிரின்ஸி விஷயம். கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க அனந்தபுரத்திலிருந்து அவளும் சம்பந்தியம்மாவும் வந்தார்கள். உனக்கு அது தெரியும். அன்றைக்கு நடந்தது தெரியாது. வந்ததும் சிரிப்பும் பேச்சுமாகத்தான் இருந்தது. பிரின்ஸி ஜாக்கெட் முதுகில் திறந்த ஜன்னல் வைக்க ஆசைப்பட்டாள். சம்பந்தியம்மா விடவில்லை.

"ஜன்னலும் வேணாம் கதவும் வேணாம். பீடத்துக்கு முன்னாடி நிக்கச்சொல்ல சாமியார் ஒம் மூஞ்சிய பாப்பாரு, ஜனமெல்லாம் ஒம் முதுகதான்டி பாக்கும்."

"அம்மா, நீ செத்த சும்மா இரு. அத்த, நீங்க காட்டுங்க."

நான் லேப்டாப்பைத் திறந்தேன். மெழுகுவர்த்தி எரிந்தது. சம்பந்தியம்மா அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். "அண்ணன் பேரு போட்டிருக்குது. நல்ல காரியம் அண்ணி" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் கை நழுவியது என்றுதான் சொல்ல வேண்டும். எப்போதும் வேறு வழியாகச் சுற்றிப்போய்த் தேடுகிறவள், அன்றைக்கு மெழுகுவர்த்திக்கு மேலே இருந்த கட்டத்திலேயே அடித்துவிட்டேன்.

வந்ததை எழுதக் கை கூசுகிறது. துணி இல்லாத பெண் ஒருத்தி. உங்கள் ஊர்ப் பெண்கள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தமிழில் எழுத்து. அதை மூடினால் இன்னொன்று. மூடி மூடிப் பார்த்து, கடைசியில் மெழுகுவர்த்திப் பக்கத்துக்கே வந்து நின்றது. அங்கேயும் நைனா பெயருக்கு நேர் கீழே அதே பெண்ணின் படம். லேப்டாப் மூடியையே தட்டிச் சாத்தினேன்.

சம்பந்தியம்மா செருப்பைப் போட்டுக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார். "இது மாப்பிள்ளையோட லேப்டாப்தானே அண்ணி?"

அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "அவனுடையதுதான், ஆனால் இதை வரவைத்தது நான்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மெழுகுவர்த்தி போய்விடுமே என்று நினைத்தேன். "ஆமாம்" என்று மட்டும் சொன்னேன். பிரின்ஸி என்னைப் பார்க்கவே இல்லை. அளவு எடுத்தபோது அவள் தோள் விறைத்திருந்தது. செத்துப்போனவருக்கு வெளிச்சம் காட்டுகிறேன் என்று உயிரோடு இருக்கிற பிள்ளையின் பெயரை இருட்டில் விட்டேன். பிறகு நீ போன் போட்டு, "அவ இன்னான்னு கேட்டா ஒண்ணுமில்லன்றா, போனை வெச்சிடுறா, நான் இன்னாம்மா தப்பு பண்ணேன்?" என்று கேட்டபோது உன் குரல் நைனா குரல் மாதிரியே இருந்தது.

மறுநாள் காலையில் லேப்டாப்பை ஒரு துணிப்பையில் போட்டு, மேலே டவல் மூடி, அனந்தபுரம் பஸ் ஏறினேன். சம்பந்தியம்மா களத்தில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். கல்யாணத்தை நிறுத்துகிற பேச்சை எடுக்கத்தான் நான் வந்திருப்பதாக நினைத்துக்கொண்டாரோ என்னவோ, முகம் வெளுத்துப்போனது. உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்ததும் நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஊக்கு வைத்ததைச் சொன்னேன், பட்டுப்புடவை கருகியதைச் சொன்னேன், நீலத்தை அமுக்கியதைச் சொன்னேன், நீ எடுக்க எடுக்க நான் வைத்ததைச் சொன்னேன். "எம் புள்ள மேல ஒண்ணுமில்ல அண்ணி. அவன் இதை எடுக்கத்தான் பார்த்தான். ஏத்தினது நான்" என்றேன்.

பிரின்ஸி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வந்து லேப்டாப்பைத் திறந்து, அந்த எக்ஸ்டென்ஷனுக்குள் போய், இங்கிலீஷில் இருந்ததைப் படித்தாள். "அத்த, இது நீங்க எந்தப் பக்கத்துக்குப் போனாலும் அதைப் படிக்கும், மாத்தும்னு அதுலயே போட்டுக்குது. நீங்க சரின்னு சொல்லியிருக்கீங்க."

"மெழுகுவர்த்தி ஏத்த அது எதுக்கும்மா படிக்கணும்?" என்றேன்.

கேட்டு முடிப்பதற்குள் எனக்கே புரிந்தது. உன் நைனா பெயரை முன்னால் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் எவனோ கடை போட்டிருக்கிறான். கல்லறைக்கு வருகிற ஜனத்துக்கு நடுவில் அசிங்கம் விற்கிறவன் மாதிரி. இத்தனை நாளாக நான் ஏற்றிக்கொண்டிருந்தது அவன் கடைக்கு விளக்கு.

எடுக்கவேண்டும் என்று முடிவாயிற்று. பிரின்ஸி எடுக்கப் போனாள். "இரும்மா, நானே எடுக்கிறேன், வழி எனக்குத் தெரியும்" என்றேன். மூன்று புள்ளிவரை போன விரல் அதற்கு மேல் போகவில்லை. ஊதாதே என்று நைனா வாயைப் பொத்தினாரே, அந்தக் கையை நான் இன்னும் மறக்கவில்லை. சம்பந்தியம்மாவிடம் அதையும் சொன்னேன். அவர் எழுந்து போய், மாதா சுரூபத்துக்கு முன்னால் இருந்த மெழுகுவர்த்தியை எடுத்து வந்து மேசையில் நிறுத்தினார்.

"ஒண்ணை அணைக்கறதுக்கு முன்னாடி அதுலேர்ந்து இன்னொண்ணை ஏத்திட்டா தோஷமில்ல அண்ணி. ஈஸ்டர் பாஸ்கா ராத்திரி கோயில்ல அப்படித்தானே ஒண்ணுலேர்ந்து ஒண்ணு ஏத்துறோம்."

"அம்மா, ஸ்கிரீன்லேர்ந்து எப்படிம்மா ஏத்துவ?" என்றாள் பிரின்ஸி.

சம்பந்தியம்மா திரியைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு நிற்காமல் அழுகையாகிவிட்டது. "அடுப்பு மேல தீப்பெட்டி இருக்குது, எட்றி" என்று மகளை விரட்டினார். பிரின்ஸிதான் ஏற்றினாள். இறந்தவர்களுக்கான ஜெபத்தை மூன்று பேரும் சொன்னோம். முடிந்ததும் நான் ரிமூவை அமுக்கினேன். நிஜமாகவே எடுக்கட்டுமா என்று அது மறுபடி கேட்டது. மறுபடி அமுக்கினேன். பிறகு நீ சொன்ன ஒவ்வொரு இடத்துக்கும் போய் அதன் நூலையெல்லாம் உருவினேன். தேடுகிற இடம், திறக்கிற பக்கம், எட்டிப் பார்க்கிற விளம்பரம் எல்லாவற்றையும் பார்த்தேன். கம்ப்யூட்டருக்குள்ளேயே அதே பெயரில் இன்னொன்று ஒளிந்திருந்ததைப் பிரின்ஸி கண்டுபிடித்தாள், அதையும் எடுத்தோம். நீ அதில் பேங்க், கம்பெனி மெயில் ஏதாவது பார்த்திருந்தால் பாஸ்வேர்டை மாற்றிவிடு என்று அவள் சொல்லச் சொன்னாள். மாற்றிவிடு. அவள் உனக்கு இன்னும் போன் போடாமல் இருந்தால் அது கோபம் இல்லை. சந்தேகப்பட்டோமே என்ற வெட்கம். நீயே போடு. என்ன நடந்தது என்று அவளைத் தோண்டாதே, இதோ நான் சொல்லிவிட்டேன்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். உன் வீட்டுக்குள்ளும் ஒருநாள் ஒன்று வரும். அது கெட்ட முகத்தோடு வராது. உனக்கு எங்கே வலிக்கிறதோ அந்த இடத்துக்கு மருந்து மாதிரிதான் வரும். சரி என்று அமுக்குவதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கிறவளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல். இன்னொன்று, இது உன்மேல் குறை சொல்வதற்காக இல்லை தம்பி, நீ நல்ல பிள்ளை. நீ எத்தனை முறை எடுத்தாய். எப்படி வந்தது என்று கேட்டாய், எங்கே அமுக்கினாய் என்று கேட்டாய். திரையில் உன் நைனா பெயர் எரிந்துகொண்டிருந்ததே, அதை நீயும் பார்த்தாயே, "இது உனக்கு வேணுமாம்மா?" என்று ஒருமுறை கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். ஒருவேளை நீயும் அந்தப் பெயரைப் பார்க்க முடியாமல்தான் வேக வேகமாக எடுத்தாயோ என்று இப்போது தோன்றுகிறது. அப்படியென்றால் நாம் இரண்டு பேரும் ஒரே வலியை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டிருந்தோம். பிரின்ஸி ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், அது எவ்வளவு கெடுதலாக உனக்குத் தெரிந்தாலும், பிடுங்குவதற்கு முன்னால் எதற்காகப் பிடித்திருக்கிறாள் என்று கேள்.

இன்று காலை கடையில் லேப்டாப்பைத் திறந்தேன். புதுப் பக்கம் வெறும் வெள்ளையாக வந்தது. அதில் இருந்த தேடுகிற கட்டத்தில் சவரிமுத்து என்று அடித்தேன். எத்தனையோ சவரிமுத்து வந்தார்கள். ஒருவர் வாத்தியார், ஒருவர் இரும்புக் கடை வைத்திருக்கிறார், ஒருவர் ஏதோ கூட்டத்தில் மாலையோடு நிற்கிறார். பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன். உன் நைனா அதில் எங்கேயும் இல்லை. மனசு பாரம் இறங்கினது போல் இருந்தது. யார் கையிலும் அவர் மாட்டிக்கொண்டிருக்கவில்லை. மடித்து வைத்திருந்த நாற்காலியை எடுத்து வெளியே போட்டேன். பிரின்ஸியின் ஜாக்கெட்டுக்கு அதில் உட்கார்ந்துதான் ஊக்கு வைத்தேன். அவர் வைப்பது போல் நூலை இரட்டையாக ஓட்டி, இழுத்து முடிந்திருக்கிறேன். பிய்யாது.

பத்திரிகை அடித்து வந்ததும் முதல் பத்திரிகை நைனாவுக்கு. நீ வா, பிரின்ஸியையும் வரச் சொல்கிறேன், மூன்று பேரும் கல்லறைக்குப் போய் வைக்கலாம். மெழுகுவர்த்தி நான் வாங்கி வைத்திருக்கிறேன். மலையிலிருந்து இறங்குகிற காற்று அங்கே ஒரு திரியையும் நிற்கவிடாது, உனக்குத்தான் தெரியுமே. அணைந்தால் மறுபடி ஏற்றுவோம். நீ மட்டும் காற்று வருகிற பக்கம் உட்கார்ந்து, கையைக் குவித்து மறைத்துக்கொள்.

அம்மா